மாமா முங்குறாரே, நான் முங்கக் கூடாதா?

மார்த்தாண்டத்தில் நெஞ்சக நோய் மருத்துவராக இருக்கிறேன். மழை ஓய்ந்து கடல் தெளிந்தால், கோவளத்துக்கு ஸ்கூபா டைவிங் (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் முங்குவது) போகிற பிள்ளைகள் கையில் ஒரு படிவத்தோடு வருவார்கள். "ஒரு ஒப்பு போட்டுத் தாங்க சாரே, ஞாயிற்றுக்கிழமை டைவ் இருக்கு."

ஆஸ்துமா உண்டா என்று அந்தப் படிவம் கேட்கும். பலர் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். எல்லோரும் பொய் சொல்வதில்லை. வீட்டில் அதற்கு 'இழுப்பு' என்று பெயர், களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்தில் 'வலிவு'. சின்ன வயதில் வலிவுக்கு மருந்து எடுத்தவருக்கு, அதுதான் ஆஸ்துமா என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனயம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி உண்மையைச் சொன்னான். கூடவே ஒரு கேள்வியும் கேட்டான்: "எங்க மாமாவுக்கும் இழுப்பு உண்டு. முப்பது வருஷமா சிப்பி எடுக்க முங்குறாரு. எனக்கு மட்டும் என்ன?"

நல்ல கேள்வி. மாமா மேலே இழுத்த மூச்சோடு முங்குகிறார். ஆழம் போகப் போக அந்தக் காற்று சுருங்கும். மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அதைத் தாண்டாது. (அதற்காக இழுப்போடு முங்குவது நல்லது என்று சொல்லவில்லை. தண்ணீருக்குள் மூச்சு முட்டினால் அவருக்கும் ஆபத்துதான்.) சிலிண்டரோடு போகிறவன் கீழேயே மூச்சு இழுக்கிறான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரலில் சேர்ந்த அரை லிட்டர் காற்று, மேலே வரும்போது ஒரு லிட்டராக விரியும். மூச்சை விட்டுக்கொண்டே ஏறினால் அது வெளியேறிவிடும். ஆனால் ஆஸ்துமாவில் சிறு மூச்சுக்குழாய்கள் சுருங்கி, சளி அடைத்து, அதன் பின்னால் காற்று சிக்கிக்கொள்ளலாம். வெளியேற வழியில்லாத காற்று நுரையீரலைக் கிழிக்கும். ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் போல ஆகிவிடும். இதற்கு ஆழ்கடல் வேண்டியதில்லை. கடைசி 10 மீட்டரில்தான் காற்று அதிகமாக விரிகிறது.

போதாக்குறைக்கு சிலிண்டர் காற்று வறண்டது. வாயில் கடித்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் வழியாகத் தெறிக்கிற உப்புத் தண்ணீரும், நீரோட்டத்தை எதிர்த்து நீந்துகிற களைப்பும் குழாய்களைச் சுருக்கும்.

அதனால் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு நான் ஒப்பு போடுவதில்லை. முதலில் ஸ்பைரோமெட்ரி ஊதச் சொல்வேன், மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே தள்ள முடிகிறது என்று அளக்கும் பரிசோதனை அது. மருந்து கொடுத்துக் கால் மணி நேரம் கழித்து மறுபடி. பிறகு நன்றாக ஓடவிட்டு மீண்டும் ஊத வைப்பேன். அந்தத் தம்பி உட்கார்ந்து ஊதியபோது எல்லாம் சரியாகவே இருந்தது. ஓடிய பிறகு அளவு 10 சதவீதத்துக்கு மேல் விழுந்துவிட்டது. அவனுக்கு மூச்சுமுட்டலே தெரியவில்லை. எனக்குப் பயமே அதுதான். ஒப்பு போடவில்லை.

ஆஸ்துமா என்றாலே கடல் கிடையாது என்று முன்பு சொல்வார்கள். இப்போது அப்படியில்லை. தினசரி இன்ஹேலரால் நன்றாகக் கட்டுப்பட்டிருந்து, பரிசோதனைகளும் சரியாக இருந்தால் அனுமதிக்கலாம். பிரிட்டிஷ் மருத்துவர்களின் வழிகாட்டுதலைத்தான் நான் பின்பற்றுகிறேன்: குளிராலோ ஓட்டத்தாலோ பதற்றத்தாலோ இழுப்பு வருகிறவர் இறங்கக் கூடாது. டைவுக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள், இழுப்பு வந்தால் உடனே அடிக்கிற நீல இன்ஹேலர் தேவைப்பட்டிருந்தாலும் இறங்கக் கூடாது. காலையில் ரெண்டு பஃப் அடித்துவிட்டுப் படகேறுவது பாதுகாப்பு அல்ல. அப்படித் தேவைப்படுவதே அன்றைக்குப் போகக் கூடாது என்பதற்கான அடையாளம்.

டைவுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று மாதம் முன்னால் வாருங்கள், மருந்தைச் சரிசெய்து மறுபடி ஊதிப் பார்க்க அவகாசம் இருக்கும்.

ஏற்கெனவே இறங்கிவிட்டு வந்து நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தலைசுற்றல், கைகால் மரத்துப்போவது என்று எதுவந்தாலும், வாயு என்று நினைத்து வீட்டில் படுத்துக்கொள்ளாதீர்கள். உடனே ஆக்சிஜன் வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கடலுக்குள் சிலிண்டரோடு போய்வந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.