பவளப்பார் வெளுப்பதற்குச் சித்திரை வெயில் மட்டுமா காரணம்?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் பக்கத்து ஊர்களில் பவளப்பாறை பற்றிப் பேசப்போனால், மூத்த மீனவர் யாராவது இதைக் கேட்டுவிடுவார்: "சித்திரையில கடல் சுடுறது எங்க தாத்தா காலத்துலயும் உண்டுதானே தம்பி?"

உண்டுதான். ஆனால் இப்போது கடலின் சராசரிச் சூடே ஏறியிருக்கிறது, அதற்கு மேல் சித்திரை வெயில் வந்து சேர்கிறது. தண்ணீர் 30 டிகிரிக்கு மேலே வாரக்கணக்கில் நின்றால், பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசி வெளியேறிவிடும். முங்கிப் பார்த்தால் பழுப்பாக இருந்த மான்கொம்புப் பவளம் நுனி முதல் அடிவரை வெள்ளை வெளேரென்று நிற்கும். அப்போதும் அது சாகவில்லை. கிட்டே போனால் நிறமற்ற மெல்லிய தசை தெரியும். கச்சான் (தென்மேற்குக் காற்று) எழும்பிச் சூடு தணிந்தால் பிழைத்துக்கொள்ளும். தணியத் தாமதமானால் வேறு பாசி மூடிவிடும், அப்புறம் மீட்பது கஷ்டம். 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் பெரிய அளவில் இப்படி வெளுத்தது.

எல்லாவற்றையும் வெப்பத்தின் தலையில் கட்டக்கூடாது. இங்குள்ள 21 தீவுகளில் 2 மூழ்கியதில், முன்பு பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, கடலின் சூட்டை ஏற்றுவது காற்றில் கூடிய கரியமில வாயுதான் என்கிறோம்; அது மனிதன் விட்டதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? உயிருள்ள மரத்தில் கார்பன்-14 என்ற கதிரியக்க அணு கொஞ்சம் இருக்கும். பல கோடி வருஷம் புதைந்து கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது அழிந்துபோயிருக்கும். அந்தப் பழைய கரியை எரிக்க எரிக்க, காற்றில் கார்பன்-14 இன் பங்கு குறையும். மர வளையங்களில் இந்தக் குறைவை ஹான்ஸ் சூயஸ் என்ற வேதியியலாளர் 1950-களிலேயே காட்டிவிட்டார். எரிமலைகள் ஒரு வருஷத்தில் விடுவது நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அதனால் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது.

வல்லத்துக்கு ஊற்றும் டீசல் இதில் மிகச் சொற்பம். அனல் மின் நிலையம், சிமென்ட், இரும்பு ஆலை, நகரத்து வாகனங்கள் ஆகியவற்றின் கணக்குதான் பெரிது. கடல்பாசி எடுக்கும் பெண்களிடம் "நீங்கள் மாறுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்துவிட்டது. நிலக்கரியை விட்டு வெளியே வர வழியிருக்கிறது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி அது.

கரையில் உள்ளவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: சித்திரை, வைகாசியில் பவளப்பார்மேல் நங்கூரம் போடாதீர்கள். வெளுத்த பவளம் கண்ணில் பட்டால், இடத்தைக் குறித்து வனத்துறைக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.