பிளஞ்சரை இழுக்கும்போது என்ன நடக்கிறது?

டாய்லெட் அடைத்துக்கொண்டால் ஆசிட் ஊற்றலாமா, சோடா உப்பும் வினிகரும் போதுமா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் வேண்டாம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிளஞ்சர், அதாவது கைப்பிடியின் நுனியில் ரப்பர் கிண்ணம் மாட்டிய கருவி, போதும்.

பீங்கானுக்கு அடியில் குழாய் வளைந்து மேலேறி, அப்புறம்தான் கீழிறங்குகிறது. அந்த வளைவில் எப்போதும் சுமார் 5 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நின்று, சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் காப்புரிமை வாங்கிய 'எஸ்' வளைவின் வாரிசு இது. துணியும் நாப்கினும் பெரும்பாலும் இங்கேதான் சிக்கும்.

பிளஞ்சரை ஓங்கி அழுத்துவதுதான் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். வெறுமனே அழுத்திக்கொண்டே இருந்தால் அடைப்பு இன்னும் இறுகவும் கூடும். எனக்குப் பிடித்த இயற்பியல் இழுப்பில்தான் இருக்கிறது. ரப்பர் கிண்ணத்தை மேலே இழுத்ததும் நம் பக்கத்து அழுத்தம் குறைகிறது. அடைப்புக்கு அந்தப் பக்கமோ, மொட்டை மாடி வரை போகும் வென்ட் குழாய் வழியாக வெளிக்காற்றோடு தொடர்பில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. 10 செ.மீ. விட்டக் குழாயின் குறுக்குப் பரப்பு சுமார் 78 சதுர சென்டிமீட்டர். நம் பக்கத்தில் அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தாலே, கிட்டத்தட்ட 8 கிலோ விசை அடைப்பைப் பின்னாலிருந்து நம்மை நோக்கித் தள்ளும். தள்ளுவது வளிமண்டலம்! அடுத்த அழுத்தலில் விசை எதிர்த்திசைக்கு மாறுகிறது. மண்ணில் இறுகிய முளையை முன்னும் பின்னும் ஆட்டிப் பிடுங்குவதுபோல, அடைப்பு தளர்ந்துவிடுகிறது.

இதற்கு ரப்பர் கிண்ணம் தண்ணீரில் முழுக மூழ்கியிருக்க வேண்டும். உள்ளே காற்று இருந்தால் அதுவே சுருங்கி விரிந்து நம் உழைப்பைத் தின்றுவிடும். தண்ணீர் அப்படிச் சுருங்காது. அதனால் முதல் அழுத்தலை மெதுவாகக் கொடுத்துக் காற்றை வெளியேற்றுங்கள். விளிம்பு இடைவெளியில்லாமல் பொருந்தட்டும். பிறகு சீராக அழுத்துங்கள், வெடுக்கென்று இழுங்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் சோடா உப்பு வைத்தியத்தில் நுரை நன்றாகப் பொங்கும். ஆனால் அந்தக் கரியமில வாயு மேலே பறந்துவிடும்; துணியை அசைக்கும் வலு அதற்கு இல்லை. ஆசிட் நாப்கினின் பிளாஸ்டிக்கைக் கரைக்காது. ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சையே அடைக்கும். கொதிநீரும் ஆகாது, பீங்கான் விரிசல் விடலாம்.

பிளஞ்சருக்கு மசியவில்லையென்றால் பிளம்பரிடம் ஸ்பிரிங் கம்பி இருக்கும். குளியலறைத் தண்ணீரும் சேர்ந்து எதிர்த்து வந்தால் கோளாறு வெளிச் சேம்பரிலோ செப்டிக் டேங்கிலோ இருக்கிறது. உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு நிமிடங்களில் உயிரைப் பறிக்கும். ஆள் இறங்காமலே செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய, சென்னை ஐஐடி 'ஹோமோசெப்' என்ற இயந்திரத்தை உருவாக்கியிருக்கிறது. ஆராய்ச்சிப் பணம் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் இதுதான் என்பேன். ஒவ்வொரு நகராட்சியும் இப்படி ஓர் இயந்திரத்தை வாங்கி வைக்க வேண்டும்.