மோனிட்டோ: ஓர் இனமா, மூன்றா?

சிலி நாட்டின் தென்பகுதி மழைக்காடுகளில் மோனிட்டோ டெல் மோன்டே என்றொரு பைப்பாலூட்டி வாழ்கிறது. எடை 20 முதல் 40 கிராம்தான். குளிர்காலத்துக்கு வேண்டிய கொழுப்பை வாலின் அடியில் சேர்த்துக்கொண்டு, மூங்கில் இலையும் பாசியும் வைத்துக் கட்டிய கூட்டுக்குள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டு தூங்கிவிடும். வாழ்வது தென் அமெரிக்காவில் என்றாலும், அங்குள்ள ஒப்போசம் என்ற பைப்பாலூட்டிகளைவிட ஆஸ்திரேலியக் கங்காருக்களுக்கே இது நெருங்கிய சொந்தம். இது சேர்ந்த வரிசை (order) என்ற பெரும் உயிரினப் பிரிவில் மோனிட்டோக்களைத் தவிர வேறு எதுவும் இன்று உயிரோடில்லை.

இதில் எத்தனை இனம் என்பதில்தான் சிக்கல். சிலியைச் சேர்ந்த சிலோவே தீவில் கிடைத்ததை வைத்து 1894இல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஓல்ட்ஃபீல்டு தாமஸ் பெயர் சூட்டினார். தீவில் உள்ளவை நிறத்தில் கருமை கூடியவை என்று பிறகு தனித் துணையினமாக வைத்தார்கள். கடைசியில் எல்லாம் ஒன்றே என்றானது. 2016இல் ஓர் ஆய்வுக்குழு மூன்று இனம் என்றது. 2018இல் இன்னொரு குழு ஒன்றுதான் என்று மறுத்தது. 2021இல் வந்த மரபணு ஆய்வு இரண்டு என்றது.

யாரும் கவனக்குறைவாக வேலை செய்துவிடவில்லை. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. மண்டை ஓட்டை எடுத்துக்கொள்வோம். வயது ஏற ஏற அதன் அளவும் வடிவமும் மாறும். வடக்கிலிருந்து தெற்கே போகப்போக உடல் அளவு கொஞ்சம் கொஞ்சமாக மாறும் விலங்குகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒன்றில் இரு முனைகளிலிருந்து மட்டும் மாதிரி எடுத்தால் இரண்டு இனம்போலத்தான் தெரியும். இடையிலுள்ள காடுகளையும் சேர்த்து அளந்தால் கோடு கிழிக்க இடமே இருக்காது.

டிஎன்ஏவிலும் இந்தத் தொல்லை உண்டு. செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ தாய்வழியில் மட்டும் இறங்கும் சொத்து. பெண் விலங்குகள் பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகராவிட்டால், ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் தனி வம்சம் இருப்பதாக அது காட்டும். அதே காலத்தில் ஆண்கள் மலை தாண்டிப் போய் இனப்பெருக்கம் செய்திருந்தால், உட்கருவின் டிஎன்ஏ கலந்தே கிடக்கும். ஆகவே மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் நம்பி இனம் பிரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. 2021 ஆய்வு பரந்த மரபணுத் தரவை எடுத்ததால் அதன் முடிவுக்கே கூடுதல் எடை தருவேன்: வடக்கே டிரோமிசியோப்ஸ் போசினோவிச்சி, தெற்கே டிரோமிசியோப்ஸ் கிளிராய்டிஸ். பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய மயோசீன் என்ற புவியியல் காலத்தில் கடல் உள்ளே புகுந்து நிலத்தைத் துண்டாடியதோடு இந்தப் பிரிவை அது தொடர்புபடுத்துகிறது. பின்னாளில் பனியுகப் பனிப்பாறைகளும் தெற்கத்திக் காடுகளை ஒடுக்கி, எஞ்சியவற்றைத் தனித்தனியே ஒதுக்கின.

இந்த எண்ணிக்கை காட்டைக் காப்பவர்களுக்கும் முக்கியம். எல்லாம் ஓரினம் என்றால், வடக்கில் ஒரு காடு அழிந்தாலும் தெற்கில் மோனிட்டோக்கள் இருக்கின்றன என்று கணக்குச் சொல்லிவிடலாம். இரண்டு என்றால் முடியாது. சிலியில் இயற்கைக் காட்டை வெட்டிப் பைன் தோட்டங்கள் பெருமளவில் போடப்பட்டிருப்பது வடக்கத்தி இனம் வாழும் பக்கத்தில்தான்.