சொந்த ஆப்புக்கு மட்டும் டேட்டா கழியாது என்று சொல்லலாமா?

ஒரு செல்போன் நிறுவனம் சொந்தமாக சினிமா ஆப் வைத்திருக்கிறது. ‘எங்கள் ஆப்பில் படம் பார்த்தால் டேட்டா கழியாது, மற்றதில் பார்த்தால் கழியும்’ என்று அது பேக் போடலாமா? இந்தியாவில் போடக்கூடாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2016 பிப்ரவரி 8 அன்று கொண்டுவந்த விதி அதைத் தடுக்கிறது. நீங்கள் எந்தத் தளத்தைப் பார்க்கிறீர்கள், எந்த ஆப்பைத் திறக்கிறீர்கள் என்பதை வைத்து டேட்டாவின் விலையை மாற்றக்கூடாது. இதே பலனைத் தரும் ஒப்பந்தத்தை வேறொரு நிறுவனத்தோடு போட்டுக்கொள்வதும் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் அபராதம். இந்த நிறுவனங்களுக்கு அது டீச்செலவுதான். ஆனால் பேக்கையே திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு; உறைக்கிற இடம் அதுதான்.

நெட் நியூட்ராலிட்டி, இணையச் சமநிலை என்றெல்லாம் சொல்லப்படும் இந்த விதி தானாக வந்துவிடவில்லை. 2014 டிசம்பரில் இணையவழி அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் என்று ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் பின்வாங்கியது. 2015 ஏப்ரலில் ‘ஏர்டெல் ஜீரோ’ வந்தது. ஆப் நிறுவனம் பணம் கட்டினால் வாடிக்கையாளருக்கு அந்த ஆப்பின் டேட்டா இலவசம். அதில் சேரப் பேசிக்கொண்டிருந்த ஃப்ளிப்கார்ட், கண்டனம் வலுத்ததும் விலகியது. அந்த நாட்களில் ட்ராய்க்கு லட்சக்கணக்கில் மின்னஞ்சல்கள் குவிந்தன.

ஃபேஸ்புக்கின் ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ கொஞ்சம் சிக்கலானது. ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியாகச் சில தளங்களை மட்டும் காசில்லாமல் தந்தது. ஏழைக்கு இலவசமாகக் கிடைப்பதைத் தடுப்பானேன் என்ற கேள்வியை அசட்டுக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எவை அந்தச் சில தளங்கள் என்று முடிவு செய்வது யார்? ஒரு ஆப் இலவசமானால் அதன் போட்டியாளரின் ஆப் தானாகவே விலை கூடியதாகிவிடுகிறது. நேற்று தொடங்கிய சின்ன நிறுவனம் அங்கேயே அடிபட்டுப்போகும். ட்ராய் இந்தப் பக்கம் நின்றது, சரியாகவே நின்றது என்பது என் எண்ணம்.

விலையை இப்படிக் கட்டிய பிறகு வேகம் மிச்சமிருந்தது. போட்டி ஆப்பை மெதுவாக ஓடவிட்டு, தன்னுடையதை வேகமாக ஓடவிட்டால் போதுமே! 2017 நவம்பரில் ட்ராய் தந்த பரிந்துரைகளை மத்திய அரசு 2018 ஜூலையில் ஏற்று, உரிம நிபந்தனைகளில் சேர்த்தது. முடக்குவது, வேகத்தைக் குறைப்பது, ஒன்றுக்கு மட்டும் முன்னுரிமை தருவது எல்லாம் இதனால் உரிம மீறல்.

இனி இடுக்குகள். இணையத்தைத் தொடாமல் நிறுவனத்தின் மூடிய வலையமைப்புக்குள்ளேயே ஓடும் சேவைக்கு விலை விதி பொருந்தாது. பிராட்பேண்ட் நிறுவனம் தன் ஃபைபர் கம்பி வழியே தரும் டிவி இந்த வகைக்குள் வரலாம். சொந்தச் சேவைக்குச் சலுகை காட்டச் சட்டப்படி இருக்கும் பெரிய கதவு இதுதான். விதியிலிருந்து தப்புவதற்காகவே அப்படி அமைத்தால் செல்லாது என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் எது தப்பித்தல், எது நியாயமான தொழில் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பிடிபடாது. வீடியோவை வாடிக்கையாளருக்குப் பக்கத்திலேயே சேமித்து வைத்து அனுப்பும் சி.டி.என். சர்வர்களும் வேக நிபந்தனைக்குள் வருவதில்லை. அவசரநிலைகளில் குறிப்பிட்ட சேவைக்குக் கட்டணம் குறைக்கலாம். 7 வேலை நாட்களுக்குள் ட்ராய்க்குத் தெரிவிக்க வேண்டும்.

மீறல் போலத் தோன்றி மீறல் அல்லாதவையும் உண்டு. ரீசார்ஜோடு ஓடிடி சந்தா இலவசமாக வருகிறதா? சந்தாதான் இலவசம், படம் பார்க்கும்போது டேட்டா கழிகிறது, ஆகவே தவறில்லை. இரவு முழுக்க டேட்டா இலவசம் என்பதும் எல்லாத் தளத்துக்கும் பொருந்துவதால் சரி. தினசரி அளவு தீர்ந்ததும் வேகம் குறைவதும் அப்படியே. அரசு உத்தரவால் முடக்கப்படும் தளங்கள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கணக்கில் வருபவை.

சந்தேகமான பேக் கண்ணில் பட்டால் விளம்பரத்தையும் நிபந்தனைகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் புகார் செய்து டாக்கெட் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பதில் திருப்தி தராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். தனிநபர் புகார்களை ட்ராய் தானே விசாரித்துத் தீர்ப்பதில்லை. ஆனால் பேக்கே விதிக்கு முரணானது என்றால் அது உங்கள் ஒருவருடைய பிரச்சினை அல்ல. ஆதாரத்தோடு ட்ராய்க்கு எழுதலாம், மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் தொலைத்தொடர்புத் துறையின் பெயரிலும் பதியலாம். ‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் எழுதினால் அதைச் சாதாரணப் பழுதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். எந்த ஆப், எந்த நேரம், அதே நேரத்தில் வேறு எது வேகமாக ஓடியது என்று எழுதுங்கள்.