வைக்கோலை என்ன செய்வது?

நீண்ட விண்வெளிப் பயணத்தில் காற்றையும் சாப்பாட்டையும் மூடிய கூடத்துக்குள்ளேயே உயிர்களைக் கொண்டு உருவாக்க முடியுமா? அதைச் சோதிக்க 1961-இல் மாஸ்கோவில் எவ்கெனி ஷெபெலெவ் என்ற ஆய்வாளர் காற்றுப் புகாத சிறிய அறைக்குள் போய் ஒரு நாள் முழுக்க அடைந்து கிடந்தார். அவருக்கு ஆக்சிஜன் கொடுத்தது குளோரெல்லா என்ற பச்சைப்பாசி. அவர் விட்ட கரியமில வாயுவைப் பாசி எடுத்துக்கொண்டது, பாசி விட்ட ஆக்சிஜனை அவர் சுவாசித்தார். கதவைத் திறந்தபோது அறை முழுக்க ஒரே நாற்றம். ஆனால் ஆள் நலமாக இருந்தார்.

மூச்சுக்கு வழி கிடைத்துவிட்டது, சரி. சாப்பாடு? குளோரெல்லாவின் செல்சுவர் தடிமனானது, நமக்குச் செரிப்பது கடினம். அதனால் சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்க் நகரில் பயோஸ்-3 என்ற மூடிய கூடத்தைக் கட்டியவர்கள் பாசியோடு கோதுமையையும் வளர்த்தார்கள். 315 கன மீட்டர் இடம், செனான் விளக்கு வெளிச்சம். 1972-73-இல் அங்கே 180 நாள் சோதனை நடந்தது. உள்ளே மூன்று பேர்; தாங்களே அறுத்த கோதுமையில் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டார்கள்.

சிக்கலும் கோதுமையில்தான் இருந்தது. ஒரு பயிர் தன் உடல் முழுவதையும் கட்டி எழுப்பும்போதுதான் ஆக்சிஜனை வெளிவிடுகிறது. நாமோ தானியத்தை மட்டும் தின்று, அதற்குரிய கரியமில வாயுவை மட்டுமே திருப்பிக் கொடுக்கிறோம். வைக்கோலில் இருக்கும் கார்பன் அப்படியே முடங்கிவிடுகிறது. கொஞ்ச நாளில் செடிக்குக் கரியமில வாயு பற்றாமல் போகும். ஆக, வைக்கோலை எரிக்க வேண்டும் அல்லது மட்க வைக்க வேண்டும்.

ஆனால் மட்குவது அளவுமீறினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் அரிசோனாவில் பார்த்தார்கள். பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடிக் கூடத்துக்குள் 1991-இல் எட்டுப் பேர் போனார்கள். மண்ணில் மட்கு உரம் அதிகம். அதைத் தின்ற நுண்ணுயிர்கள் ஆக்சிஜனையும் சேர்த்துத் தின்றன. அவை விட்ட கரியமில வாயுவில் பெரும்பகுதியைக் கான்கிரீட் சுவர்கள் உறிஞ்சிக்கொண்டதால், செடிகளால் அதை ஆக்சிஜனாகத் திருப்பித் தரவும் முடியவில்லை. காற்றில் 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் ஏறக்குறைய 14 சதவீதமாக இறங்கியது. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்ற வேண்டியதாயிற்று. பூமியில் இப்படி ஒரு கணக்குப் பிசகினால் கடலும் வளிமண்டலமும் தாங்கிக்கொள்ளும். மூடிய கூடத்தில் அந்தக் கையிருப்பு கிடையாது.

ஐரோப்பிய விண்வெளி முகமை 1989-இல் தொடங்கிய மெலிசா திட்டம் கழிவிலிருந்தே ஆரம்பிக்கிறது, என் கணக்கில் அதுதான் சரியான இடம். வெப்பம் விரும்பும் பாக்டீரியாக்கள் முதலில் கழிவைச் சிதைக்கும். அப்புறம் வேறு பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்த நைட்ரேட்டில் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப்பாசியும் பயிர்களும் வளரும். பாக்டீரியாக்களுக்கு எளிதில் மசியாதது தண்டிலும் வைக்கோலிலும் விறைப்பைத் தரும் லிக்னின் என்ற பொருள்தான்.

பெய்ஜிங்கில் 2014-இல் மூன்று பேர் 105 நாள் தங்கிய 'லூனார் பேலஸ் 1' கூடத்தில் இன்னொரு வழியைப் பார்த்தார்கள். சாப்பிட முடியாத செடிப் பாகங்களைப் புழுக்களுக்குப் போட்டு வளர்த்து, அந்தப் புழுக்களைப் புரதத்துக்காகச் சமைத்துச் சாப்பிட்டார்கள்.