பன்னிரண்டு குமிழில் பின்னக் கணக்கு

1/3 பெரியதா, 1/4 பெரியதா என்று கேட்டால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளில்கூடச் சிலர் 1/4 என்பார்கள். மூன்றைவிட நான்கு பெரிது அல்லவா! கரும்பலகையில் எத்தனை முறை திருத்தினாலும் இது மனத்தில் தங்குவதில்லை. மேலே சிறு குமிழ்கள் துருத்தியிருக்க, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்தும் பிளாஸ்டிக் லெகோ கட்டைகளைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

ஆறு குமிழ் நீளமும் இரண்டு குமிழ் அகலமும் உள்ள கட்டைதான் நமது ‘முழுமை’. மொத்தம் 12 குமிழ்கள். இதன்மேல் நாலு குமிழ்ச் சதுரக் கட்டைகளைப் பொருத்தினால் மூன்று பிடிக்கும். ஆக, ஒவ்வொன்றும் 1/3. வரிசையாக மூன்று குமிழ் உள்ள ஒல்லிக் கட்டை என்றால் நான்கு வேண்டும். அது 1/4. எது பெரியது என்று இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, இரண்டையும் கூட்டினால்? மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி 2/7 என்று எழுதுவது வகுப்பறைகளில் வழக்கமாக நடப்பது. கட்டைமேல் இரண்டையும் பொருத்தினால் 7 குமிழ்கள் மறையும், 5 மிஞ்சும். விடை 7/12. மூன்றாகவும் நான்காகவும் மீதியின்றிப் பிரியும் கட்டையைத் தேடி எடுத்தபோதே மீச்சிறு பொது மடங்கும் கைக்கு வந்துவிட்டது.

இது பிசகாமல் வருவதற்குக் காரணம் அளவு. குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ.; கட்டையின் உயரம் 9.6 மி.மீ., தட்டைக் கட்டைக்கு 3.2 மி.மீ. டென்மார்க்கில் 1958-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த காலத்துக் கட்டைகூட இன்றைய கட்டையோடு பொருந்தும்.

கட்டைகளை வாங்கிக் கொடுத்துவிட்டால் கணக்கு தானாக வந்துவிடும் என்று நம்புவது வீண். கேள்வி கேட்க ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டும். விடையைச் சொல்லிவிடாமல் இருக்கவும் வேண்டும். இரண்டாவதுதான் நமக்குக் கடினம்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: ஒரே நிறத்தில், நான்குக்கு இரண்டு என எட்டுக் குமிழ் உள்ள இரு கட்டைகளை எத்தனை விதமாகப் பொருத்தலாம்? ஒரே திசையில் நகர்த்தி நகர்த்தி வைத்தால் 21, குறுக்காக வைத்தால் 25. ஆக 46. ஆனால் மேசையில் அரைச் சுற்று திருப்பினால் பல அமைப்புகள் இன்னொன்றாகிவிடுகின்றன. நட்டநடுவில் பொருந்திய இரண்டு மட்டும் மாறுவதில்லை. மற்ற 44-உம் பாதியாகி 22, மொத்தம் 24. சமச்சீர் என்ற பாடம் இங்கே தொடங்குகிறது.

இதே கட்டைகள் ஆறு இருந்தால் 91,51,03,765 விதங்கள். கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணிதவியலர் சோரன் ஐலர்ஸ் கணினியின் துணையோடு எண்ணியது இது. லெகோ நிறுவனம் அதற்கு முன் சொல்லிவந்த 10,29,81,500 ஆறு அடுக்குக் கோபுரங்களுக்கு மட்டுமான கணக்கு. ஒரே அடுக்கில் இரண்டு கட்டைகள் அக்கம்பக்கமாக நிற்கலாம் என்பதை அது சேர்க்கவில்லை.