பைசன் உரசுன கல்லை வயர் பிரஷ் போட்டு தேய்க்காதீங்க ப்ளீஸ்

நான் கனடா ஆல்பர்ட்டால ஜியாலஜிஸ்ட், பில்டிங் வர்றதுக்கு முன்னாடி நிலத்தைப் பாத்து ரிப்போர்ட் குடுக்குற வேலை. இதுல அடிக்கடி கண்ணுல படுறது, பைசன்ங்குற வட அமெரிக்கக் காட்டுமாடு உடம்பை உரசி உரசி வழவழன்னு ஆக்குன பாறை. பக்கத்துலயே குடியிருக்குறவங்களுக்குக்கூட இது தெரிய மாட்டேங்குது, அதான் எழுதுறேன்.

கால்கரி நோஸ் ஹில் பார்க்குக்கு வாக்கிங் போறவங்க புல்வெளில தனியா நிக்குற பெரிய பாறையைப் பாத்திருப்பீங்க. அது அந்த மண்ணுல பொறந்த கல்லே இல்ல. ராக்கி மலைத்தொடர்ல ஜாஸ்பர் பக்கம் மலை சரிஞ்சு பனியாறு மேல விழுந்த குவார்ட்சைட்ங்குற கெட்டியான பாறை, ஐஸ் ஏஜ்ல அந்தப் பனியாறு கிழக்குலருந்து வந்த பெரிய பனிப்படலத்துல முட்டி தெக்கால திரும்பி, மலையடிவாரம் ஓரமாவே நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தூக்கிட்டு வந்து, உருகுனப்ப அங்கங்க போட்டுட்டுப் போயிருச்சு. ஒகோடோக்ஸ் பக்கத்துல இருக்குற பிக் ராக்கும் இதே கூட்டம்தான், சுமார் 16,500 டன்.

ஆனா எனக்கு அதுக்கப்புறம் நடந்ததுதான் பிடிக்கும். பிரெய்ரின்னு சொல்ற இந்தப் புல்வெளிச் சமவெளில மரம் ரொம்பக் கம்மி. காளை பைசன் 900 கிலோ வரைக்கும் வரும் (கொடைக்கானல்ல ரோட்டுக்கு வர்ற நம்ம காட்டெருமை வேற இனம்), வசந்தத்துல குளிர்கால ரோமம் கொத்துக்கொத்தா உதிரும், கோடைல பூச்சித் தொல்லை, சொறிஞ்சுக்க மரம் இல்லன்னா கிடைச்ச கல்லுதான். தலைமுறை தலைமுறையா ஒரே கல்லுல வந்து உரசும். தோல்ல ஒட்டியிருக்குற மண்ணுதூள் உப்புத்தாள் வேலை பாக்கும், உடம்பு எண்ணெய் மேல படியும். அந்த இடத்தைத் தொட்டா பழைய ஆட்டுக்கல் குழவி மாதிரி வழுவழுன்னு இருக்கும். கல்லைச் சுத்தி குளம்பு மிதிச்சு மிதிச்சு ஒரு பள்ளமும் விழுந்திருக்கும்.

பனியாறு உரசுனாலும் வழவழப்பு வருமே, எப்படிப் பிரிச்சுப் பாக்குறதுன்னு கேப்பீங்க. பனியாறு உரசுன இடத்துல பெரும்பாலும் ஒரே திசைல நேர்கோடு கீறல் இருக்கும். பைசன் உரசுனது மூலை, விளிம்பு, துருத்திட்டு இருக்குற இடம், அதுவும் விலங்கோட தோள் உயரத்துக்குக் கீழதான், குழிக்குள்ள சொரசொரப்பு அப்படியே இருக்கும். சாயங்கால சாய்வு வெயில்ல பாருங்க, பளபளன்னு தனியா தெரியும்.

இந்த விலங்குங்க ஒரு காலத்துல 3 கோடிக்கு மேல இருந்துச்சுன்னு மதிப்பிடுறாங்க. தோலுக்காக, ஃபேக்டரி மெஷின் பெல்ட்டுக்காகன்னு சுட்டுத் தள்ளி, அதை நம்பி வாழ்ந்த பழங்குடி மக்களைப் பட்டினி போட்டு, 1880கள் முடியுறப்ப சுமார் ஆயிரத்துக்குக் கொண்டுவந்துட்டாங்க. எலும்பைக்கூட பொறுக்கி உரத்துக்கு அனுப்பிட்டாங்க. அதனால இந்த ஊர்ல பைசன் இருந்துச்சுங்கறதுக்கு நின்ன இடத்துலயே கையால தொட்டுப் பாக்கக்கூடிய முக்கியமான ஆதாரம் இந்த மாதிரி கல்லுங்க.

அதைத்தான் நம்ம ஆளுங்க (நம்ம ஆளுங்கன்னா எல்லா நாட்டு ஆளுங்களும்) நல்லது செய்றேன்னு கெடுக்குறாங்க. ஸ்ப்ரே பெயிண்ட் கிறுக்கலை அழிக்கிறேன்னு வயர் பிரஷ், பிரஷர் வாஷர் எடுத்துட்டு வர்றது, அதுல கிறுக்கலோட சேர்த்து அந்தப் பளபளப்பும் போயிடும். ஏறி விளையாடுறது, கல்லுல பேர் செதுக்குறது, பள்ளத்தை ஜல்லி கொட்டி லெவல் பண்றது. ஒரு சைட்ல இந்த மாதிரி கல்லைத் தோண்டி எடுத்து காலனி வாசல்ல அழகுக்கு வெச்சுட்டாங்க, கல்லு பத்திரமாதான இருக்குன்னு எங்கிட்டயே கேட்டாங்க! பள்ளம் எங்க, கல்லு பாத்துட்டு நின்ன சரிவு எங்க, எல்லாம் போச்சு. கல்லு பக்கத்துல துணியோ புகையிலையோ இருந்தா அது குப்பை இல்ல, பழங்குடி மக்கள் வெச்ச காணிக்கை, தொடாதீங்க. பிக் ராக்ல செங்காவி ஓவியம் இருக்கு, அதுல கையே வைக்காதீங்க.

பைசனைத் திரும்பக் கொண்டுவந்தா என்ன ஆகும்னு பாக்கணும்னா சாஸ்கட்சுவான்ல சாஸ்கட்டூன் பக்கத்துல வானுஸ்கேவின் பார்க் இருக்கு. 2019 டிசம்பர்ல பைசனை அங்க இறக்குனாங்க, 2020ல அதுங்க மண்ணுல புரண்டு புரண்டு புல்லைப் பேத்த இடத்துல செதுக்கு வேலை உள்ள கல்லு வெளிய தெரிஞ்சது, தேடுனதுல மொத்தம் நாலு கல்லு, செதுக்கப் பயன்படுத்துன கல் கருவியும் பக்கத்துலயே. எத்தனையோ வருஷமா ஆராய்ச்சியாளருங்க நடந்த நிலம் அது.

உங்க ஏரியால இப்படி ஒரு கல்லைப் பாத்தீங்கன்னா அசைக்காம, கழுவாம, நாலு பக்கமும் போட்டோ எடுத்து லொகேஷனோட மாகாண அரசோட தொல்லியல் பிரிவுக்கு அனுப்புங்க. ஆல்பர்ட்டால தொல்பொருள் அரசுக்குத்தான் சொந்தம், உங்க தோட்டத்துல கிடைச்சாலும் சொல்லியாகணும். வீடு கட்டுறவங்க மெஷின் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, வந்த அப்புறம் எங்களால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது.